உருவமும் உள்ளடக்கமும் தொகுதியும்: இணையத்தள எழுத்தாக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஓர் ஆக்கத்தின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்து நோக்க இயலுமா என்னும் வினா, ஈழத்துத் தமிழ் விமர்சன உலகிற் பெரிதும் விவாதிக்கப்பட்டதொன்றாகும். உள்ளடக்கமே உருவத்தை நிர்ணயிக்கின்றது என்றோரும், உருவமின்றி உள்ளடக்கம் இலக்கியமாவதில்லை என்றோரும் அவ்விவாதத்தில் எதிரெதிரே நின்றனர். எனினும் இவ்விரண்டும் ஒன்றையொன்று பாதிப்பன என்பதை இருசாராரும் மறுத்திலர். அவ்விவாதம் ஓய்ந்துவிட்டதெனப் பலர் கருதும் இக்காலத்தில், அதே வினா முற்றிலும் வேறானதொரு களத்தில், இலக்கியப் பயிற்சியோடு தொடர்பற்ற தொழில்நுட்பவியலாளர் நடுவே, அன்றாட நடைமுறைப் பிரச்சினையாக மீண்டும் தலைதூக்கியுள்ளமை கவனத்திற்குரியது. இணையத்தளப் பக்கங்களை ஆக்கும் முறையே அக்களமாகும். அங்கு உருவத்தினின்றும் உள்ளடக்கம் பிரிக்கப்பட்டதோடு அமையாது, உள்ளடக்கமே சிறுசிறு துண்டங்களாக அறுக்கப்பட்டு, வேண்டுமிடத்து வேண்டுந்தோறும் எடுத்துப் பொருத்தத்தக்க 'தொகுதி'களாக ஆக்கப்பட்டுள்ளது. இம்முறையின் தோற்றத்தையும், அதன் பயனையும், அது எழுத்துக்கும் வரலாற்றுச் சான்றுக்கும் தமிழ் மொழிக்கும் விளைப்பனவற்றையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

அச்சு நூலில் ஒரு பக்கம் என்பது ஒருமுறை கோக்கப்பட்டு, தாளிற் பதிந்து, மாறாது நிற்பது. 1991ஆம் ஆண்டில் உலகளாவிய வலை பொதுப் பாவனைக்கு வந்தபோது அதன் பக்கங்களும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தன. ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. அதன் தலைப்பு, முகவரி, உடற்பகுதி யாவும் அக்கோப்பினுள்ளேயே எழுதப்பட்டன. நூறு பக்கங்களைக் கொண்ட தளத்தில் ஒரு தொலைபேசி எண் மாறுமாயின் நூறு கோப்புகளையும் திறந்து திருத்தவேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றோ இரண்டோ கண்ணுக்குத் தப்புதல் இயல்பு. ஒரே நிறுவனம் ஒரே விடயத்தை இரு பக்கங்களில் இருவேறாகக் கூறும் முரண்பாடு இவ்வாறே தோன்றியது. மீள்பயன்பாட்டுத் தொகுதி என்னும் எண்ணம் இத்துன்பத்தினின்றும் பிறந்ததாகும். பொதுவான பகுதியை ஓரிடத்தில் எழுதிவைத்து, ஏனைய பக்கங்கள் அதனை அழைத்துக்கொள்ளுமாறு செய்தால், ஓரிடத்துத் திருத்தம் எல்லாவிடத்துந் திருத்தமாகும்.

தொழில்நுட்பக் கையேடுகளை எழுதுவோரிடையே இவ்வெண்ணம் முதலில் ஒழுங்குபெற்றது. ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாகி, 2005ஆம் ஆண்டில் ஒயாசிஸ் என்னும் அமைப்பினால் நியமமாக ஏற்கப்பட்ட 'டிட்டா' என்னும் முறையில், எச்சரிக்கை வாசகங்கள், செய்முறைப் படிகள் முதலியன தனித்தனி அலகுகளாக எழுதப்பட்டுப் பல கையேடுகளிற் பயன்படுத்தப்பட்டன. அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். நிறுவனத்தைச் சேர்ந்த டானியல் ஜேக்கப்சன் 2009ஆம் ஆண்டில், ஒருமுறை ஆக்கி எங்கும் வெளியிடுதல் என்னும் கொள்கையை விளக்கி எழுதினார். செய்தியை அதன் தோற்றத்தினின்றும் பிரித்துச் சேமித்தால், கணினி, கைத்தொலைபேசி ஆகிய அனைத்திற்கும் அதுவே பொருந்தும் என்பது அவரது வாதம். இவையிரண்டும் வேறு தேவைகளினின்றும் எழுந்தவையெனினும், எழுத்தைப் பிரித்தெடுத்து இடம்பெயர்க்கத்தக்க பொருளாகக் கருதியமையில் ஒன்றுபடுகின்றன.

இப்போக்கு பொதுமக்கள் கைக்கு எட்டியமை வேர்ட்பிரஸ் மென்பொருளின் வாயிலாகவேயாகும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இம்மென்பொருள், பின்னர் உலக இணையத்தளங்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவற்றுக்கு அடிப்படையாயிற்று. 2018 டிசம்பர் 6ஆம் திகதி வெளியிடப்பட்ட அதன் ஐந்தாம் பதிப்பிலே 'குட்டன்பேர்க்' எனப் பெயரிடப்பட்ட புதிய எழுதுகருவி சேர்க்கப்பட்டது. அதுவரை ஒரு வெற்றுத் தாளைப் போன்றிருந்த எழுதுமிடம், அன்று தொடக்கம் தொகுதிகளின் அடுக்காக மாறியது. பந்தி ஒரு தொகுதி. தலைப்பு ஒரு தொகுதி. படமும் மேற்கோளும் பட்டியலும் தனித்தனித் தொகுதிகள். இவற்றுட் சிலவற்றைச் சேர்த்து மீள்பயன்பாட்டுத் தொகுதியாகச் சேமிக்கவும் இயன்றது. 2023 ஓகஸ்டில் வெளிவந்த 6.3ஆம் பதிப்பு இவற்றுக்கு 'ஒத்திசைந்த கோலங்கள்' எனப் பொருள்படும் புதுப் பெயரை வழங்கியது. 2024 யூலையில் வெளிவந்த 6.6ஆம் பதிப்பு, கோலத்தின் அமைப்பு மாறாதிருக்க அதன் சில சொற்களை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வேறுபடுத்தும் வசதியைத் தந்தது. ஆறாண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றங்கள் வெறும் பெயர் மாற்றங்களல்ல. முற்றாக ஒன்றேயாயிருத்தல் எழுத்துக்கு ஒவ்வாது என்பதைக் கருவியை ஆக்கியோரே படிப்படியாக உணர்ந்தமையை இவை காட்டுகின்றன எனலாம்.

2

இக்கருவிக்குச் சூட்டப்பட்ட பெயரே விமர்சனத்துக்குரியது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யொகான்னஸ் குட்டன்பேர்க் ஐரோப்பாவிற் பரவச்செய்த அச்சுமுறையின் உயிர்நிலை, பிரித்துக் கோக்கத்தக்க தனி எழுத்துகளாகும். ஓர் உலோக எழுத்துக்குத் தன்னளவிற் பொருளில்லை. அது எச்சொல்லில் அமைகின்றதோ அச்சொல்லே அதற்கு வாழ்வளிக்கின்றது. அச்சு முடிந்தபின் கலைக்கப்பட்டுப் பெட்டிக்குத் திரும்புகின்றது. ஆகவே எழுத்தின் மீள்பயன்பாடு எழுதுவோனின் சுதந்திரத்தை எவ்வகையிலுங் குறைப்பதன்று. இருநூறுக்கும் அதிகமான தமிழ் எழுத்துகளைக் கோத்து எதனையும் கூறலாம். தொகுதியோ இதற்கு மறுதலையானது. அது பொருளோடு கூடியது. வாக்கியங்களையும் அவற்றின் தொனியையுஞ் சுமந்து வருவது.

அச்சு வரலாற்றில் இதற்கு ஒப்பானது குட்டன்பேர்க்கின் எழுத்தன்று. அதற்குப் பின்னர் தோன்றிய வார்ப்புத் தகடேயாகும். கோத்த பக்கம் முழுவதையும் அச்செடுத்து உலோகத்தில் வார்த்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் இம்முறைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அச்சாளரான ஃபெர்மின் டிடோ 'ஸ்டீரியோடைப்' எனப் பெயரிட்டார். அத்தகட்டைக் குறித்த மற்றொரு பிரெஞ்சுச் சொல் 'கிளிஷே' என்பதாகும். இவ்விரு சொற்களும் பிற்காலத்தில் எப்பொருளைப் பெற்றன என்பது விமர்சனம் பயில்வோர் அறிந்ததே. முன்னது மாந்தரை ஒரே அச்சில் வார்த்த எண்ணத்தையும், பின்னது தேய்ந்துபோன சொற்றொடரையுங் குறிக்கலாயின. உலோகத் தகட்டின் பெயர் சிந்தனைக் குறைபாட்டின் பெயராக மாறியமை தற்செயலானதன்று. ஒரே வாசகம் வெவ்வேறு சூழலில் மாறாது திரும்பத் திரும்ப வருமாயின், வாசகன் அதனை வாசிப்பதை நிறுத்திவிடுகின்றான். இணையப் பக்கங்களின் அடியில் வரும் பொது வாசகங்களையும் 'மேலும் அறிய' என்னும் அழைப்புகளையும் கண் தாண்டிச் செல்வது இதனாலேயாகும்.

3

மீண்டும் வரும் வாசகம் அனைத்தும் தேய்வழக்கே எனக் கொள்வது எளிது; ஆயின் அது தவறாகும். இதனை உணர்த்தத் தமிழிலேயே தக்க ஆய்வு உண்டு. அமெரிக்க அறிஞரான மில்மன் பரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் வாய்மொழிக் காவியப் பாடகரிடையே மேற்கொண்ட ஆய்வும், அவர் மாணாக்கரான அல்பேட் லோட் 1960இல் வெளியிட்ட நூலும், எழுத்தறியாப் பாடகர் பல்லாயிரம் அடிகளை எவ்வாறு பாடினர் என்பதை விளக்கின. பாடகன் மனனஞ் செய்து ஒப்புவிப்பவனல்லன். யாப்புக்கு இயைந்த வாய்பாட்டுத் தொடர்களையும், போர்க்கோலம் பூணுதல், விருந்து, தூது முதலிய அடிக்கருத்துகளையும் கைக்கொண்டு பாடும்பொழுதே ஆக்குபவன். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய நூலில் இக்கோட்பாட்டைச் சங்கச் செய்யுட்களுக்குப் பொருத்தி, அவற்றில் மீண்டும் மீண்டும் வருந் தொடர்களையும் துறைகளையும் வாய்மொழி ஆக்கமுறையின் சான்றுகளாகக் காட்டினார். 1975இல் ஜோர்ஜ் ஹாட், சங்கப் புலவர் பாணரின் வாய்மொழி மரபைத் தழுவிய எழுத்தறிவுடையோர் எனக் கருதி இதனின்றும் வேறுபட்டார். அவ்வேறுபாடு ஈண்டு முடிவு செய்யப்பட வேண்டியதன்று. மீள்பயன்பாடு படைப்புக்குப் பகையன்று, உயர்ந்த கவிதை மரபொன்றே அதன்மீது எழலாம் என்பதை இருவரும் ஏற்பர் என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

அவ்வாறாயின் பாணனின் வாய்பாட்டுக்கும் இணையத்தின் தொகுதிக்கும் வேறுபாடு யாது? மூன்று கூறலாம். முதலாவதாக, வாய்பாடு பாடுவோனின் வாயில் நெகிழ்வது. ஒரு பெயர் நீண்டால் அடைமொழி குறுகும். அவைக்கேற்ப அடிக்கருத்து விரியும், சுருங்கும். தொகுதியோ இடத்துக்கேற்ப நெகிழாது. இரண்டாவதாக, வாய்பாட்டைத் தேர்பவனும் அதனைச் சொல்பவனும் ஒருவனே. அவன் தன் அவையை நேரிற் காண்கின்றான். தொகுதியை ஆக்குபவன் ஒருவன். அதனைப் பக்கத்திற் பொருத்துபவன் இன்னொருவன். இருவரும் வாசகனைக் காண்பதில்லை. மூன்றாவதாக, வாய்பாடு மரபின் பொதுவுடைமை. எப்பாடகனும் அதனை மாற்றலாம். தொகுதிக்கு உரிமையாளர் உளர். அதனைப் பிறர் திருத்தாவண்ணம் பூட்டிவைக்கும் வசதியும் அம்மென்பொருளிலே உண்டு. எழுதுவோன் அமைப்பாளனின் துணையின்றித் தன் பக்கத்தைத் தானே கட்டலாம் என்பது தொகுதி முறையின் சனநாயகப் பண்பாகப் போற்றப்பட்டது, அது உண்மையுமாகும். ஆயின் அதே கருவி, எழுதுவோனை முன்கூட்டியே வரையப்பட்ட கட்டங்களை நிரப்பும் தொழிலாளியாகவும் ஆக்கவல்லது. கருவி ஒன்றே; அது எவருடைய கையில் உள்ளதென்பதைப் பொறுத்து அதன் சமூகப் பயன் வேறுபடுகின்றது.

4

தொகுதி முறையின் மிகப் பாரதூரமான விளைவு இலக்கிய நயத்தைச் சார்ந்ததன்று. வரலாற்றுச் சான்றைச் சார்ந்தது. இதனை விளக்கத் தமிழரின் கல்வெட்டு மரபு பெரிதும் உதவும்.

முதலாம் இராசராச சோழன் (985–1014) தன் சாசனங்களின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்னும் பகுதியைப் பொறிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினான். அரசனின் வெற்றிகளைச் செய்யுள்நடையிற் கூறும் அப்பகுதி, நாடெங்கணும் வெவ்வேறு கோயில்களில், வெவ்வேறு தானங்களைக் கூறுஞ் சாசனங்களின் தலைப்பில் ஒரே வாசகமாக அமைந்தது. அரசவையில் ஆக்கப்பட்டு ஊர்தோறும் அனுப்பப்பட்டுப் பொருத்தப்பட்ட இதனை ஒரு மீள்பயன்பாட்டுத் தொகுதி எனல் மிகையாகாது. ஆட்சியாண்டுகள் செல்லச்செல்லப் புதிய வெற்றிகள் சேர்ந்து மெய்க்கீர்த்தி நீண்டது. ஆயின் முன்னர்ப் பொறிக்கப்பட்ட கற்கள் மாறவில்லை. ஓர் ஊர்க் கல்லிற் சில வெற்றிகளும், பின்னையதொரு கல்லில் மேலும் சிலவும் காணப்படும் காரணத்தாலேயே வரலாற்றாசிரியர் அரசனின் படையெடுப்புகளை நிரற்படுத்தவும், ஆட்சியாண்டு சிதைந்த சாசனங்களின் காலத்தைக் கணிக்கவும் முடிகின்றது. பழைய வாசகம் பழையவாறே எஞ்சியமைதான் வரலாற்றைத் தந்தது.

இராசராசனின் கற்கள் யாவும் ஒத்திசைந்த தொகுதிகளாக இருந்திருப்பின் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். இறுதி ஆண்டில் தஞ்சையிற் செய்த ஒரு திருத்தம், முதலாண்டுகளிற் பொறித்த கற்களிலும் அக்கணமே தோன்றியிருக்கும். எல்லாக் கற்களும் எல்லா வெற்றிகளையும் கூறியிருக்கும். எனவே ஒரு கல்லேனுங் காலத்தைக் கூறியிராது. இக்காலத்துத் தளங்களில் நிகழ்வது இதுவே. வேர்ட்பிரஸ் முறையில் ஒத்திசைந்த கோலமொன்று பக்கத்தில் இடம்பெறும்போது, அப்பக்கத்தின் சேமிப்பில் அவ்வாசகம் இருப்பதில்லை. அதனைச் சுட்டும் ஓர் எண் மட்டுமே இருக்கும். வாசகன் பக்கத்தைத் திறக்குந்தோறும் அவ்வெண்ணுக்குரிய வாசகம் அப்பொழுது எவ்வாறுள்ளதோ அவ்வாறே கொணர்ந்து காட்டப்படும். கோலம் திருத்தப்படின் பல்லாண்டுக்கு முந்திய பக்கமும் மாறும். ஆயின் அப்பக்கத்தின் திகதி மாறாது. கோலம் நீக்கப்படின் பக்கத்தில் அவ்விடம் வெறுமையாகும். கோலத்தின் முந்திய வடிவங்கள் தளத்தை நிருவகிப்போரிடம் எஞ்சலாம். வாசகனுக்கு அவை எட்டுவதில்லை.

விக்கிப்பீடியாவின் அடிப்படையான மீடியாவிக்கி மென்பொருள், ஒவ்வொரு பக்கத்தின் எல்லா முன்னைய வடிவங்களையும் எவரும் பார்க்குமாறு பேணுவது. சான்றைப் பேணுவதில் அதற்கு நிகரானவை சிலவே. ஆயினும் அதிலுங்கூடப் பழைய வடிவமொன்றைத் திறந்தால், அதனுள் அழைக்கப்படும் வார்ப்புருக்கள் அன்றைய வடிவிலன்றி இன்றைய வடிவிலேயே தோன்றும். பழைய பக்கத்தின் நடுவே புதிய துண்டம் அமர்ந்திருக்கும். அதனைக் காட்டும் விளிம்பு எதுவும் வாசகன் கண்ணுக்குப் புலப்படாது.

இது நுண்ணியதொரு புலமைப் பிரச்சினை மட்டுமே என எண்ணுதல் கூடாது. ஒரு பல்கலைக்கழகம் தன் பரீட்சை விதிகளை ஒத்திசைந்த தொகுதியாக அமைத்துள்ளதெனக் கொள்ளலாம். ஓராண்டில் அனுமதி பெற்ற மாணவன் அவ்வாண்டுக் கைநூற் பக்கத்தை வாசித்து, அதன்படி பாடங்களைத் தெரிகின்றான். இரண்டாண்டு கழித்து விதி திருத்தப்படுகின்றது. புதிய மாணவருக்காகச் செய்த திருத்தம், பழைய கைநூற் பக்கத்திலும் பழைய திகதியின் கீழேயே தோன்றுகின்றது. தனக்குக் கூறப்பட்டது வேறு என்று அம்மாணவன் முறையிடின், அவன் காட்டக்கூடிய சான்று யாது? அவன் சுட்டும் பக்கமே அவனுக்கு எதிராகச் சாட்சி கூறும். இங்கு எவரும் பொய்யுரைத்திலர். எவரும் ஆவணத்தை அழித்திலர். திருத்தும் முறையே சான்றை விழுங்கிவிட்டது. அரசாங்கச் சுற்றறிக்கைகள், வங்கி நிபந்தனைகள், பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இப்பிரச்சினையை முன்னுணர்ந்தவர் ஒருவர் உளர். 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்னுஞ் சொல்லை 1960களில் உருவாக்கிய ரெட் நெல்சன், ஓர் ஆவணத்தின் பகுதியை மற்றோர் ஆவணத்தினுள் உயிர்த்தொடர்போடு சேர்க்கும் முறையை 'டிரான்ஸ்குளூஷன்' என அழைத்தார். அவர் கண்ட முறையில், எடுத்தாளப்பட்ட பகுதியினின்றும் அதன் மூலத்துக்கு வாசகன் எப்பொழுதும் செல்லலாம்; மூலத்தின் முந்திய வடிவங்களும் பேணப்படும். தையல் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே அதன் சாரம். இன்றைய தொகுதி முறை அவரது எண்ணத்தின் வசதியை மட்டும் ஏற்று, அதன் அறத்தைக் கைவிட்டது. தையல் தெரியாதிருப்பதையே அது தன் சிறப்பாகக் கருதுகின்றது.

5

தமிழ் மொழியின் நிலையில் நோக்கும்போது வேறொரு சிக்கல் எழுகின்றது. தொகுதியினுள் ஓரிடத்தை வெற்றாக விட்டு, அதிற் பெயரையோ ஊரையோ நிரப்பும் முறை வழக்கிலுள்ளது. ஆங்கிலத்தில் இது எளிது. அம்மொழியிற் பெயரின் உருவம் பொதுவாக மாறுவதில்லை. வேற்றுமைப் பொருளைப் பெயருக்கு முன்னர் வருந் தனிச்சொல்லே பெரும்பாலும் உணர்த்தும். தமிழில் உருபு பெயரின் ஈற்றோடு புணர்வது; புணருங்கால் ஈறு திரிவது. கண்டி என்பது கண்டியில் எனவும், கொழும்பு என்பது கொழும்பில் எனவும், யாழ்ப்பாணம் என்பது அத்துச்சாரியை பெற்று யாழ்ப்பாணத்தில் எனவும், நாடு போன்ற நெடிற்றொடர்க் குற்றியலுகர ஈறுகள் ஒற்று இரட்டித்தும் வருதல் இலக்கணம். வெற்றிடத்தில் ஊர்ப்பெயரை இட்டு அதன்பின் 'இல்' என்று ஒட்டும் வார்ப்புரு, இவ்வேறுபாடுகளை அறியாது 'யாழ்ப்பாணம்இல்' என்றே தரும். வினைமுற்றிலும் இதுவே நிலை. பிறந்தார், பிறந்தாள், பிறந்தான், பிறந்தது எனப் பாலும் மதிப்பும் வினையீற்றில் வெளிப்படுதலால், ஒரு பெயரை மாற்றினால் வாக்கியத்தின் முடிவும் மாறவேண்டும். மீடியாவிக்கி மென்பொருளில் பால், எண், வேற்றுமை ஆகியவற்றுக்கேற்பச் சொல்லை மாற்றும் ஏற்பாடுகள் உண்டு. ஆயின் அவற்றை ஒவ்வொரு மொழிக்கும் எவரேனும் உழைத்து அமைக்கவேண்டும்.

இவ்விடர்ப்பாட்டினின்றுந் தப்ப வார்ப்புரு ஆக்குவோர் இரு வழிகளை நாடுகின்றனர். ஒன்று, 'என்னும் இடத்தில்', 'என்பவர்' முதலிய தொடர்களை இடையே செருகி, பெயரைத் திரியவிடாது காத்தல். மற்றையது, வாக்கியத்தையே கைவிட்டு, 'பிறந்த இடம்', 'பிறந்த ஆண்டு' எனத் தலைப்பிட்டு எதிரே விடையெழுதுதல். இரண்டும் பிழையல்ல. ஆயின் மொழி கருவிக்கேற்பத் தன்னைக் குறுக்கிக்கொள்வதையே இவை காட்டுகின்றன. ஆங்கில நீளத்துக்கு அளந்து வெட்டிய கட்டங்களுள் தமிழ்ச் சொற்கள் அடங்காது வழிவதும், மும்மொழித் தளமொன்றில் ஒரு தொகுதி ஆங்கிலத்தில் மட்டுந் திருத்தப்பட்டு ஏனைய மொழிகளிற் பழையது எஞ்சக்கூடியதும் இதன் வேறு வடிவங்களே. கருவியின் இலக்கணம் ஒரு மொழியினின்றும் எடுக்கப்பட்டு, எல்லா மொழிக்கும் இயல்பானதென வழங்கப்படுகின்றது.

சிறுபான்மை மொழிகளில் இதன் எல்லை எதுவரை செல்லும் என்பதற்குப் பிலிப்பைன்சின் செபுவானோ மொழி சான்றாகும். அம்மொழி விக்கிப்பீடியாவில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள. கட்டுரைத் தொகையில் அது உலகின் மிகப் பெரிய விக்கிப்பீடியாக்களுள் ஒன்று. ஆயின் அவற்றுட் பெரும்பாலானவற்றை எழுதியது மனிதக் கையன்று. சுவீடனைச் சேர்ந்த ஸ்வெர்க்கர் யொகான்சன் அமைத்த தானியங்கி நிரல், உயிரினங்களையும் இடங்களையும் பற்றிய தரவுகளை வார்ப்பு வாக்கியங்களில் இட்டு நிரப்பியதன் விளைவாகும். இதனாற் பயனில்லை என முற்றாகத் தள்ளுதல் தகாது. எளிதிற் கிட்டாத தரவு அம்மொழியிற் கிட்டியது. எனினும் அம்மொழியைப் பேசுவோர் தம் மலையையும் ஆற்றையும் எவ்வாறு கூறுவரோ அவ்வாறு கூறிய பக்கங்கள், இப்பெருங்குவியலிடையே தேடிக் காணவேண்டியனவாயின. தொகையை வளர்ச்சியெனக் கருதுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

தமிழில் நல்ல எடுத்துக்காட்டும் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்துவது. அதன் ஒவ்வொரு நூற்பக்கமும் ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என ஒரே வார்ப்புருவில் அமைந்தது. இங்கு ஒருமைப்பாடு குறையன்று, அதுவே பயன். ஒரே ஒழுங்கில் அமைந்தமையாலேயே ஆயிரக்கணக்கான நூல்களை ஆண்டு வாரியாகவும் ஆசிரியர் வாரியாகவும் நோக்க முடிகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை அறிந்த சமூகத்துக்கு இத்தகைய பட்டியலின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. ஆயின் இவ்வார்ப்புரு நூலைப் பற்றிய தகவலையே கட்டங்களிலிடுகின்றது. நூலின் வாசகம் அச்சிட்ட பக்கத்தின் படியாக, மாற்றமின்றி, தனியே நிற்கின்றது. தகவலுக்குத் தொகுதி, சான்றுக்கு மாறாப் படி என்னும் இப்பகுப்பிலேயே அம்முயற்சியின் நேர்மை தங்கியுள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மீள்பயன்பாட்டுத் தொகுதியைப் போற்றுவதோ தூற்றுவதோ விமர்சனத்தின் பணியன்று என்பது தெளிவாகும். முகவரி, கட்டணம், மருந்தின் அளவு, அவசர எண் முதலியன இன்றைய நிலையில் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அவற்றுக்குத் தொகுதியே உகந்தது. அங்கு பழைய படி எஞ்சுதல் தீங்காகும். ஒரு காலத்திற் கூறப்பட்ட விதி, வாக்குறுதி, தீர்ப்பு, கருத்து என்பன கூறப்பட்ட காலத்தோடு பிணைந்தவை; அவற்றைத் தொகுதியாக்கின், திருத்தத்தின் திகதியையும் முந்திய வடிவத்தையும் அப்பக்கத்திலேயே வாசகன் காணும்வண்ணம் செய்தல் வேண்டும். இணைய ஆவணக் காப்பகம் போன்றவை பக்கங்களைத் தோன்றியவாறே படியெடுத்துப் பேணுவது, அழியக்கூடியதைக் கல்லிற் பொறிப்பதற்கு ஒப்பான பணியாகும். ஆயின் அப்பொறுப்பைப் பிறரிடம் விட்டுத் தளத்தை ஆக்குவோர் ஒதுங்குதல் தகாது. தமிழுக்கான வார்ப்புருக்களைத் தமிழின் புணர்ச்சியையும் வினைமுற்றையும் அறிந்தோர் வரைதல் வேண்டும்; கணினித்துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒருங்கிருந்து செய்யத்தக்க பணி இது.

உருவம், உள்ளடக்கம் பற்றிய பழைய விவாதத்தில் இருசாராரும் ஒரு படைப்பு ஒரு காலத்தில், ஓர் இடத்தில், ஒருவரால், சிலரை நோக்கிக் கூறப்பட்டதென்பதை ஏற்றிருந்தனர். தொகுதி முறை மறக்கச் செய்வது அதனையே. எங்கும் பொருந்தும் வாசகம் எவ்விடத்தையுஞ் சேர்ந்ததன்று. என்றும் புதிதாகத் தோன்றும் பக்கம் எக்காலத்துக்குஞ் சாட்சியாகாது. தஞ்சைப் பெருமன்னனின் கற்றச்சன் தன் உளியால் அறியாது செய்த நன்மையை, இன்றைய பக்கத் தச்சன் அறிந்து செய்யவேண்டியவனாகின்றான்.